வெயிலில் பதியும் நீலம்: கடற்பாசியை சயனோடைப் முறையில் ஆவணப்படுத்துவது எப்படி

1843 அக்டோபரில் இங்கிலாந்தின் கென்ட் வட்டாரத்தில் வாழ்ந்த அன்னா அட்கின்ஸ், தனக்குத் தெரிந்தவர்களுக்கு ஒரு புத்தகத்தின் முதல் பகுதியை அனுப்பி வைத்தார். பிரிட்டனின் கடற்பாசிகளைப் பற்றிய புத்தகம். அச்சகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. தாளில் ரசாயனம் பூசி, காயவைத்து, பாசியை மேலே வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, ஒவ்வொரு பக்கமும் அப்படி எடுத்தது. முன்னுரையையும் கையால் எழுதி அதே நீலத்தில் பதித்திருந்தார். 1853 வரை பகுதி பகுதியாக வந்து, ஏறத்தாழ 400 பக்கங்களோடு அது நிறைவடைந்தது. ஒளிப்படங்களைக் கொண்ட முதல் புத்தகம் என்று இன்று கருதப்படுவது அதுதான்.

அவர் செய்ததை நம் வீட்டு மொட்டைமாடியில் அப்படியே செய்யலாம். கேமரா வேண்டாம். வெள்ளி வேண்டாம். இரண்டு ரசாயனம், நல்ல தாள், கண்ணாடி, வெயில், தண்ணீர். நான் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர் ஒன்றில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். ஒவ்வொரு ஆண்டும் என் வகுப்பில் இதைச் செய்கிறோம். இணையத்தில் இதற்கு நிறைய வீடியோக்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை இதை வாழ்த்து அட்டை செய்யும் கைவேலையாகத்தான் காட்டுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. அட்கின்ஸ் செய்தது அறிவியல் வேலை. பெயர் எழுதாத, இடம் எழுதாத நீலப்படம் அழகாக இருக்கலாம், ஆனால் அது ஆவணம் ஆகாது. ஆகவே கடைசி வரைக்கும் ஆவணமாகவே செய்யும் வழியைத்தான் இங்கே சொல்கிறேன்.

வெள்ளிக்குப் பதில் இரும்பு

சயனோடைப் எனப்படும் இந்த நீலப்பட முறையைக் கண்டுபிடித்தவர் ஜான் ஹெர்ஷெல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷெலின் மகன், அவரும் வானியலாளர். 1839-ல் டாகேரும் டால்பட்டும் தத்தம் ஒளிப்பட முறைகளை உலகுக்கு அறிவித்தபோது இருவருமே வெள்ளி உப்புகளைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வெள்ளிப் படங்களை நிலைப்படுத்த உதவிய ஹைப்போ கரைசல், வெள்ளி உப்பைக் கரைக்கும் என்பதை 1819-லேயே கண்டு சொன்னவரும் ஹெர்ஷெல்தான். ஆனால் அவருடைய ஆர்வம் படம் எடுப்பதில் அவ்வளவாக இல்லை. சூரிய ஒளியைப் பட்டகத்தால் நிறம் நிறமாகப் பிரித்து, எந்த நிறம் எந்தப் பொருளை என்ன செய்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூக்களைக் கசக்கிச் சாறெடுத்துத் தாளில் பூசிக்கூட வெயிலில் வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வரிசையில்தான் 1842-ல் இரும்பு உப்புகளுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு ஜூன் மாதம் லண்டன் ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்ட அவருடைய கட்டுரையில் இந்த முறை இருக்கிறது.

அட்கின்ஸின் தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியல் தெரிந்தவர், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். ஹெர்ஷெல், டால்பட் இருவரையும் அறிந்த குடும்பம். பிரெஞ்சு இயற்கை ஆய்வாளர் லாமார்க்கின் சிப்பி நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, அதற்கான படங்களை மகள் கையால் வரைந்தார். 1839-ல் லண்டன் தாவரவியல் சங்கத்தில் உறுப்பினரும் ஆனார். அதாவது, நுண்ணிய உயிரினத்தைப் பார்த்து வரைவது எவ்வளவு சிரமம் என்று அனுபவத்தில் தெரிந்தவர். கடற்பாசிகளில் பலவற்றை அதே நுணுக்கத்தோடு வரைவது கடினமாக இருந்ததால்தான் ஹெர்ஷெலின் முறையைக் கையில் எடுத்ததாக முன்னுரையில் எழுதுகிறார். 1841-ல் வில்லியம் ஹார்வி வெளியிட்ட பிரிட்டிஷ் கடற்பாசிக் கையேட்டில் படங்கள் இல்லை. அந்தக் குறையை நிரப்பும் துணை நூலாகத்தான் அவர் தன் நீலத் தாள்களை நினைத்தார். முன்னுரையின் கீழே ‘ஏ.ஏ.’ என்று மட்டுமே கையெழுத்திட்டிருந்ததால், பின்னால் வந்தவர்கள் ‘பெயர் தெரியாத ஆர்வலர்’ என்பதன் சுருக்கம் போல என்று நினைத்துக்கொண்டார்கள். பத்து ஆண்டு உழைத்தவருக்கு இப்படி ஒரு நிலை. என் மாணவிகளிடம் இதைச் சொல்லாமல் நான் கரைசலைக் கலக்கத் தொடங்குவதில்லை.

என்னென்ன வாங்க வேண்டும்

ரசாயனம் இரண்டு. ஒன்று, ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட். அதில் பச்சை, பழுப்பு என்று இரண்டு வகை உண்டு, பச்சையைக் கேட்டு வாங்குங்கள், அதுதான் வெயிலுக்கு நன்றாக வேலை செய்யும். ரத்தசோகைக்குக் கொடுக்கும் சில டானிக்குகளில் இதே பொருள்தான் இருக்கிறது. இரண்டாவது, பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு. இங்கே கவனம் தேவை. பொட்டாசியம் ஃபெர்ரோசயனைடு என்று இன்னொன்று இருக்கிறது. பெயரில் ஓரெழுத்துதான் வித்தியாசம் போலத் தெரியும், ஆனால் அதை வைத்து இந்தப் படம் வராது. நமக்கு வேண்டியது ஆரஞ்சு கலந்த சிவப்புப் படிகம். மஞ்சள் படிகமாக இருந்தால் அது மற்றது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கல்லூரிகளுக்கு ஆய்வகப் பொருள் சப்ளை செய்யும் கடைகளில் இரண்டும் கிடைக்கும்.

சயனைடு என்ற பெயரைப் பார்த்துப் பெற்றோர்கள் பயப்படுவார்கள். நியாயமான பயம்தான், அதற்குச் சரியான பதிலும் உண்டு. இந்தச் சேர்மத்தில் சயனைடு இரும்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. சாதாரணமாகக் கையாளும்போது பிரிந்து வராது. ஆனால் கடும் அமிலம் பட்டாலோ, அதிகமாகச் சூடாக்கினாலோ விஷ வாயு வெளிவரும். ஆகவே கழிவறை கழுவும் ஆசிட் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம், அடுப்பிலும் வைக்க வேண்டாம். கையுறை போடுங்கள். பொடியை மூச்சில் இழுக்காதீர்கள். இதற்கு எடுத்த டம்ளரும் ஸ்பூனும் மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குப் பொடியை எடை போடும் வேலை வேண்டாம், பூசிய தாளில் இருந்து அவர்கள் தொடங்கட்டும்.

கரைக்கத் தண்ணீர் பெட்ரோல் பங்கிலோ பேட்டரிக் கடையிலோ விற்கும் பேட்டரி தண்ணீர். போர் தண்ணீரில் கரைக்காதீர்கள்.

தாள்தான் பலரும் கோட்டை விடும் இடம். சார்ட் பேப்பர் தண்ணீரில் ஊறினால் கிழிந்துவிடும். 200 ஜி.எஸ்.எம்-க்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேல் உள்ள வாட்டர்கலர் தாள் வாங்குங்கள். சில தாள்களில் பழுப்பேறாமல் இருக்கச் சுண்ணாம்புத் தூள் சேர்த்திருப்பார்கள். அது இந்த நீலத்துக்கு ஆகாது. பெரிய கட்டாக வாங்குவதற்கு முன் ஒரே தாள் வாங்கிப் பூசிப் பாருங்கள். பூசிய மஞ்சள், இருட்டில் காய்ந்து கொண்டிருக்கும்போதே நீலப் புள்ளிகளாக மாறினாலோ, பதிந்த நீலம் மங்கலாக இருந்தாலோ அந்தத் தாள் சரிப்படாது. பழைய பருத்தி வேட்டித் துணியும் அருமையாக எடுக்கும், கஞ்சி போகத் துவைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இவை போக, போட்டோ ஃப்ரேம் கடையில் வெட்டிக் கொடுக்கும் 4 மி.மீ. கண்ணாடி, அதே அளவில் பிளைவுட் பலகை, நான்கு பெரிய கிளிப். கண்ணாடியின் ஓரங்களைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், பிள்ளைகள் கையை அறுத்துக்கொள்வார்கள்.

கரைசலும் பூச்சும்

100 மி.லி. பேட்டரி தண்ணீரில் 25 கிராம் ஃபெர்ரிக் அமோனியம் சிட்ரேட் ஒரு பாட்டில். 100 மி.லி. தண்ணீரில் 10 கிராம் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இன்னொரு பாட்டில். இரண்டையும் பழுப்பு நிறப் பாட்டிலில் ஊற்றி, பெயரும் தேதியும் எழுதி, தனித்தனியாக வையுங்கள். தனியாக இருக்கும் வரை மாதக்கணக்கில் இருக்கும். முதல் பாட்டிலில் நம் ஊர் வெக்கைக்குப் பூஞ்சை பிடிக்கும். மேலே மிதக்கும் ஏட்டை மெல்லிய துணியில் வடிகட்டிவிட்டால் கரைசலைப் பயன்படுத்தலாம்.

தேவைப்படும்போது மட்டும் இரண்டிலும் சம அளவு எடுத்துக் கலக்குங்கள். கலந்தது சில மணி நேரத்துக்குத்தான். ஒரு ஏ4 தாளுக்குச் சுமார் 3 மி.லி. போதும். மேலே சொன்ன அளவில் ஒரு வகுப்புக்கே தாராளமாக வரும்.

பூசுவதற்கு ஸ்பாஞ்ச் துண்டு நல்லது. பெயிண்ட் பிரஷ்ஷின் இரும்புப் பட்டை கரைசலில் பட்டால் தாளெங்கும் நீலப் புள்ளி விழும். இடமிருந்து வலமாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. அதற்கு மேல் தேய்க்க வேண்டாம், தாளின் நார் எழும்பிவிடும். ஓரத்தில் இரண்டு விரல் அகலம் பூசாமல் விடுங்கள், பிடிப்பதற்கும் குறிப்பு எழுதுவதற்கும் இடம் வேண்டும்.

முழு இருட்டு தேவையில்லை. சன்னலை மூடிய அறையில், மஞ்சள் குண்டு பல்பு வெளிச்சத்தில் நிதானமாகப் பூசலாம். பகல் வெளிச்சம்தான் எதிரி. நாங்கள் சாயங்காலம் பூசி, மின்விசிறிக் காற்றில் காயவிட்டு, இரவோடு கறுப்புக் கவரில் போட்டு, மறுநாள் காலையிலேயே வெயிலில் காட்டிவிடுவோம். கடலோரத்து ஈரக்காற்றில் பூசிய தாள் நாள் கணக்கில் தாங்காது. காய்ந்த தாள் இளம்பச்சை கலந்த மஞ்சளாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நீலம் பாரித்திருந்தால் அதில் வெள்ளை வராது, ஒதுக்கிவிடுங்கள்.

பாசியைத் தயார் செய்வது

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். படத்தின் தரம் ரசாயனத்தைவிடப் பாசியை விரித்த விதத்தில்தான் இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் பாசிக்குக் குறைவே இல்லை. இங்கே பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுத்துத்தான் பல குடும்பங்கள் நடக்கின்றன. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் சொல்லும் பெயர்களுக்கு என் பாடப்புத்தகம் ஜெலிடியெல்லா, சர்காசம், கிராசிலேரியா என்று பெயர் வைத்திருக்கிறது. தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருவதால் அங்கே கை வைக்கக் கூடாது. நமக்குக் கரையில் ஒதுங்கியதே போதும். காற்று பலமாக அடித்த மறுநாள் காலையில் போனால் நல்லபடி கிடைக்கும். எடுத்த இடத்தையும் தேதியையும் அங்கேயே ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, பாசியோடு சேர்த்துப் பையில் போடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எது எங்கே எடுத்தது என்று குழம்பிவிடும்.

உப்பும் மணலும் போக நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். அப்புறம் அகலமான தட்டில் தண்ணீர் நிரப்பி, பாசியை மிதக்க விடுங்கள். கொத்தாகச் சுருண்டு கிடந்தது தண்ணீரில் கிளை கிளையாகத் தானே பிரியும். பாசியின் உண்மையான வடிவம் அப்போதுதான் தெரியும். அதன் அடியில் ஒரு தாளை நுழைத்து, மெல்லிய பிரஷ்ஷால் கிளைகளை ஒன்றின் மேல் ஒன்று விழாதபடி ஒதுக்கி, தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து மெதுவாகத் தூக்குங்கள். தண்ணீர் வடிய வடிய பாசி தாளில் படியும். மேலே மெல்லிய மல் துணி, அதன் மேல் செய்தித்தாள், மேலே கனமான புத்தகங்கள். செய்தித்தாளைத் தினமும் மாற்றினால் சில நாளில் காய்ந்துவிடும். காய்ந்த பாசி அப்பளம் மாதிரி நொறுங்கும், பிள்ளைகளை அவசரப்படாமல் எடுக்கச் சொல்லுங்கள். கஞ்சிப்பாசி போன்றவை தாளிலேயே ஒட்டிக்கொள்ளும். தாளில் வைத்தபடியே வெயிலில் காட்டினால் தாளின் நிழல்தான் விழும். ஆகவே அப்படிப்பட்ட பாசிகளைத் தாளுக்குப் பதில் ஓ.ஹெச்.பி. ஷீட் எனப்படும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளின் மேல் படியவிட்டு, ஷீட்டோடு சேர்த்தே பதியுங்கள்.

எல்லாப் பாசியும் ஒரே மாதிரி பதியாது. உல்வா மெல்லிய பச்சை ஏடு, வெயில் அதை ஊடுருவும். அதனால் வெள்ளையாக இல்லாமல் இளநீலமாக, மடிப்பு விழுந்த இடம் மட்டும் வெளுப்பாக வரும். கண்ணாடியின் கீழே வைத்து வரைந்தாலும் அந்த மடிப்பை அப்படி வரைய முடியாது. விசிறி வடிவப் பெடினாவில் வளைய வளையமான கோடுகள் தெரியும். கட்டக்கோரையில் மிதப்பதற்காகக் குட்டிக் குட்டிக் காற்றுப் பைகள் உண்டு. அவை உருண்டையாக இருப்பதால் கண்ணாடி முழுதாகப் படியாது, சுற்றியுள்ள இலைகளின் விளிம்பு கலங்கும். கட்டக்கோரையை மட்டும் கூடுதல் எடை வைத்து நன்றாக அழுத்திக் காயவையுங்கள், இல்லாவிட்டால் ஒரே ஒரு கிளையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதன்முதலாகச் செய்பவர்கள் மரிக்கொழுந்துப் பாசியில் தொடங்கலாம். இறகு போன்ற கிளைகள் கூர்மையாகப் பதியும்.

கடல் பக்கத்தில் இல்லாதவர்கள் பெரணி இலையை எடுங்கள். அட்கின்ஸும் கடற்பாசி நூல் முடிந்த 1853-ல், தோழி ஆன் டிக்ஸனோடு சேர்ந்து பெரணிகளைத்தான் பதித்தார். அருகம்புல், முருங்கை இலை, வேப்பங்கொழுந்து எல்லாம் நன்றாக வரும்.

பெயர்ச்சீட்டு படத்திலேயே

அட்கின்ஸ் ஒவ்வொரு பாசியின் லத்தீன் பெயரையும் எண்ணெய் தடவி ஒளி ஊடுருவும்படி செய்த மெல்லிய தாளில் எழுதி, பாசியோடு சேர்த்து வெயிலில் வைத்தார். எழுத்து வெள்ளையாகப் படத்திலேயே விழுந்துவிடும். பெயர் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று பிரிந்து போக வழியே இல்லை. நமக்கு எண்ணெய்த் தாள் வேண்டாம். ஓ.ஹெச்.பி. ஷீட்டில் கறுப்புப் பெர்மனென்ட் மார்க்கரால் எழுதினால் போதும். ஒரு கோடு ஒளியை முழுதாக மறைக்காது, எழுத்தின் மேலேயே இன்னொரு முறை எழுதுங்கள். நேராகவே எழுதலாம், கண்ணாடி பிம்பமாகத் திருப்பி எழுதத் தேவையில்லை.

நாங்கள் எழுதுவது இவை: அறிவியல் பெயர், ஊரில் சொல்லும் பெயர், எடுத்த கடற்கரை, தேதி. உறுதியாகத் தெரியாத இனமாக இருந்தால் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். பாசி எடுக்கும் அக்காமார்களிடம் கேட்டால் ஊர்ப் பெயர் சொல்வார்கள். எடுத்துப் பதித்த பிள்ளையின் முழுப் பெயரைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதச் சொல்கிறேன். ‘ஏ.ஏ.’ கதை என் வகுப்பில் நடக்க வேண்டாம்.

வெயிலில் காட்டுவது

பலகை, அதன் மேல் பூசிய தாள், அதன் மேல் பாசியும் பெயர்ச்சீட்டும், மேலே கண்ணாடி, நான்கு பக்கமும் கிளிப். இதை அறைக்குள்ளேயே அடுக்கி, மேலே ஒரு துண்டு போட்டு மூடி, மாடிக்கு எடுத்துப் போங்கள். பாசியில் கொஞ்சம் ஈரம் இருப்பதாகச் சந்தேகம் வந்தால் தாளுக்கும் பாசிக்கும் நடுவே ஓ.ஹெச்.பி. ஷீட் ஒன்றை வைத்துவிடுங்கள், ஈரம் பட்ட இடத்தில் ரசாயனம் ஓடிக் கறையாகிவிடும்.

கண்ணாடி சூரியனை நேராகப் பார்த்தபடி இருக்க வேண்டும். கண்ணாடியின் மேல் ஒரு பென்சிலைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். நிழல் விழுந்தால் பலகையைச் சாய்த்துச் சரிசெய்யுங்கள். நிழல் பென்சிலின் அடியில் ஒடுங்கினால் சரி. எங்கள் ஊருக்கு ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் பலகையைத் தரையில் போட்டாலே போதும், விளிம்புகள் கத்தி வெட்டியது போல வரும்.

எவ்வளவு நேரம்? சித்திரை வெயிலில் நண்பகலுக்கு ஐந்து முதல் எட்டு நிமிடம். மார்கழிக் காலை வெயிலுக்குப் பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். ஆனால் கடிகாரத்தைவிடத் தாளின் நிறத்தை நம்புங்கள். பாசி மறைக்காத இடம் மஞ்சளில் இருந்து பச்சையாகும், பிறகு நீலமாகும், அதன் பிறகு நீலம் மங்கிச் சாம்பலும் வெண்கலமும் கலந்த ஒரு நிறத்துக்கு வரும். அந்த வெண்கலச் சாயல் வந்ததும் எடுங்கள். நல்ல நீலமாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும் என்றுதான் எல்லாப் பிள்ளைகளுக்கும் தோன்றும். அப்படி எடுத்தால் அலசும்போது பாதி நீலம் தண்ணீரோடு போய்விடும்.

முதல் நாள் ஒரு சோதனைப் பட்டை எடுத்துவிடுவது நல்லது. ஒரு நீளத் துண்டை அட்டையால் மூடி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். அலசிக் காய்ந்த பிறகு எந்தக் கட்டத்தின் நீலம் பிடிக்கிறதோ அதுதான் உங்கள் மாடியின் நேரம்.

அலசுவது, ஏன் தண்ணீர் மட்டும் போதும் என்பது

“டீச்சர், போட்டோன்னா ஃபிக்ஸ் பண்ணணும்னு சொன்னீங்களே, இதுக்குத் தண்ணி மட்டும்தானா?” என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் பட்டதும் சிட்ரேட், ஃபெர்ரிக் இரும்பை ஃபெர்ரஸ் இரும்பாக மாற்றுகிறது. அந்த ஃபெர்ரஸ் இரும்பு பக்கத்தில் இருக்கும் ஃபெர்ரிசயனைடோடு சேர்ந்து பிரஷ்ய நீலம் ஆகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் உருவாகி ஓவியர்கள் கைக்கு வந்த அதே நிறமி. அது தண்ணீரில் கரையாது, தாளின் நாரிலேயே தங்கிவிடும். பாசி மறைத்த இடத்தில் இருக்கும் மாறாத உப்புகளோ தண்ணீரில் கரைபவை. ஆகவே அலசினால் அவை போய் வெள்ளை தெரியும், மறுபடி வெயில் பட்டாலும் பதிய அங்கே ஒன்றும் மிச்சமில்லை. வெள்ளிப் படத்துக்கு ஹைப்போ செய்யும் வேலையை இங்கே வெறும் தண்ணீர் செய்துவிடுகிறது.

ஆனால் எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். பிரஷ்ய நீலம் அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. நம் பக்கத்துப் போர் தண்ணீரில் உப்பும் காரத்தன்மையும் அதிகம். அதில் நேரடியாக அலசினால் நீலம் வெளிறும். 5 லிட்டர் தண்ணீருக்கு ஒரு எலுமிச்சம்பழம் பிழிந்து, விதை இல்லாமல் வடிகட்டி ஊற்றுங்கள். வினிகர் என்றால் இரண்டு மூன்று மேசைக்கரண்டி. இந்த மென்மையான அமிலத்தால் ஆபத்து இல்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதைவிட நல்லது இல்லை.

தாளை முகம் கீழாகத் தண்ணீரில் விட்டு மெதுவாக ஆட்டுங்கள். மஞ்சள் ஒழுகி வரும். தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி, மஞ்சள் முழுதாகப் போகும் வரை அலசுங்கள், ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அப்போது படம் வெளிறியிருப்பதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். வெயிலில் அதிகம் பட்ட இடங்களில் நீலம் நிறமற்ற வடிவத்துக்குப் போயிருக்கிறது. காற்றில் உள்ள ஆக்ஸிஜன் பட்டு ஒரு நாளில் அது ஆழ்ந்த நீலத்துக்குத் திரும்பிவிடும். பிள்ளைகளுக்கு உடனே காட்ட வேண்டும் என்றால், மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்ஸைடு இரண்டு ஸ்பூனை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து அதில் தாளை முக்குங்கள். கண்ணெதிரே நீலம் இருண்டு வரும். அந்த நொடியில் வகுப்பு போடும் கூச்சலுக்காகவே நான் இதைச் செய்வேன். அதன் பிறகு மறுபடி ஒருமுறை அலசி, நிழலில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள்.

அலசிய தண்ணீரை மீன் தொட்டிப் பக்கமோ கிணற்றுப் பக்கமோ கொட்டாதீர்கள். நிறையத் தண்ணீர் சேர்த்துச் சாக்கடையில் விடுங்கள். தரையில் நீலக் கறை பட்டால் சலவைச் சோடாக் கரைசலால் துடையுங்கள், நீலம் போகும். லேசான துருக் கறை மிஞ்சினால் எலுமிச்சைச் சாறு எடுத்துவிடும்.

பாதுகாப்பது

சலவைச் சோடா கறையை எடுக்கும் என்றால் படத்தையும் எடுக்கும் என்று அர்த்தம். துணியில் பதித்திருந்தால் சோப்புத்தூள் போடாமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள். தாளை ஒட்டும் அட்டையும் கோந்தும் காரத்தன்மை இல்லாததாக இருக்கட்டும், புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் மாட்டாதீர்கள். நேர் வெயில் படும் இடத்தில் நாள் கணக்கில் இருந்தால் நீலம் வெளுக்கும். அப்படி வெளுத்த படத்தைக் காற்றோட்டமுள்ள இருட்டு அலமாரியில் சில நாள் வைத்தால் பெரும்பாலும் நிறம் திரும்பி வந்துவிடும்.

ஒரே பாசியில் இருந்து குறைந்தது இரண்டு பிரதி எடுங்கள். நன்றாகக் காய்ந்த பாசி பல பதிப்புகளுக்குத் தாங்கும். அட்கின்ஸ் ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு தாளாகத்தான் இப்படித் திரும்பத் திரும்ப வெயிலில் வைத்தார். ஒன்று பதித்த பிள்ளைக்கு, ஒன்று பள்ளி ஆய்வகக் கோப்புக்கு. கோப்பை மாதவாரியாக அடுக்குங்கள், பாசிப் பெயர் வாரியாக வேண்டாம். எந்த மாதம் எந்தப் பாசி கரை ஒதுங்குகிறது, எது இந்த ஆண்டு வரவே இல்லை என்று அடுத்த வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கோப்பைப் புரட்டியே கண்டுபிடிக்கலாம்.